வாரம் ஐந்து மணி நேரத்தில் மாரத்தான்: ஒரு கணக்கு

"சார், ரெண்டு பசங்க, நைட்டு யு.எஸ். கால், அம்பத்தூர் டிராஃபிக். இதுல மாரத்தானுக்கு எப்படி டைம் கிடைக்குது?" ஆபீஸில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையிலேயே ஓட ஆசை இருக்கும். மீதிப் பாதிக்கு, "இவன் வீட்ல ஒரு வேலையும் செய்ய மாட்டான் போல" என்ற சந்தேகம் முகத்திலேயே தெரியும். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொல்லிப் பார்க்கிறேன். ஏன்னா, இரண்டாவது சந்தேகம்தான் உண்மையில் பெரிய கேள்வி.

முதலில் யார் சொல்றதுன்னு தெரியணும் இல்லையா. நான் மருத்துவரும் இல்லை, கோச்சும் இல்லை. பி.இ. படித்து, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற ஆள். முழு மாரத்தான் இரண்டு முறை ஓடியிருக்கிறேன், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று முன்பின். வேகம் பெருமைப்படும்படி இல்லை. எதைச் செய்தாலும் அதைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு.

சந்தையில் கிடைக்கும் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் 16 முதல் 18 வாரம், வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள், உச்ச வாரங்களில் 60, 70 கி.மீ. என்று போகும். நம்ம வேகம் கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் 70 கி.மீ.க்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். குளிக்கிற நேரம், காலை நீட்டி மடக்குகிற நேரம் எல்லாம் தனி. வேலையும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் இது நடக்காது. நடந்தால் அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆகவே என் கேள்வி, "அதிகபட்சம் எவ்வளவு?" என்பது அல்ல. பத்திரமாக ஓடி முடிக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு போதும் என்பதுதான்.

42.195 என்ன செய்கிறது?

இந்தத் தூரமே ஒரு விபத்து. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் மாரத்தான் சுமார் 40 கி.மீ.தான். 1908-ல் லண்டனில் வின்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி, ஸ்டேடியத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிக்க வேண்டும் என்று வைத்ததில் 42.195 வந்தது. 1921-ல் அதையே நிலையான தூரமாக்கிவிட்டார்கள். ராஜா குடும்பத்துக்கு வசதியாக நீட்டிய அந்த இரண்டு சொச்சம் கி.மீ. சரியாக நம் உடம்பின் பெட்ரோல் டேங்க் காலியான பிறகு வருகிறது என்பதுதான் வேடிக்கை.

கணக்கு எளிது. சமதரையில் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இது பெரிதாக மாறுவதில்லை. என் எடை 72 கிலோ. 72 × 42.2, சுமார் 3,040 கிலோகலோரி. உடம்பில் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து 500 கிராம் அளவுக்கு இருக்கலாம். கிராமுக்கு நாலு கலோரி என்றால் 2,000. அதிலும் கையில் இருக்கும் தசையின் கிளைக்கோஜன் காலுக்கு வராது. தசைக்குள் போன சர்க்கரையைத் திரும்ப ரத்தத்துக்கு விடும் நொதி தசையில் கிடையாது. ஆக, ஆயிரத்துக்கும் மேல் துண்டு விழுகிறது. அதைக் கொழுப்பு ஈடுகட்டும், ஆனால் மெதுவாகத்தான் ஈடுகட்டும். வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டு மாவுச்சத்தைக் கேட்கும். 30-35 கி.மீ. வாக்கில் பலருக்குக் கால் கல்லாகிப்போவது இதனால்தான். ஓட்டக்காரர்கள் இதைச் "சுவரில் முட்டுவது" என்பார்கள்.

பெஞ்சமின் ராப்போர்ட் என்பவர் ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலுமாகப் படித்துக்கொண்டிருந்தபோது இதை முழுக்க ஒரு கணித மாடலாக எழுதி 2010-ல் வெளியிட்டார். மாரத்தான் ஓட முயல்பவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இந்தச் சுவரைப் பார்க்கிறார்கள் என்று அந்தக் கட்டுரை தொடங்குகிறது. மாடல் சொல்வது நமக்கு நல்ல செய்தி: எந்த உடம்புக்கும், சுவரில் முட்டாமல் கடைசி வரை போகக்கூடிய ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்துக்குள் இருக்கிற வரை, குறைவாகப் பயிற்சி செய்தவரும் முடிக்கலாம். வழியில் சாப்பிட்டுக்கொண்டே போனால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான பரிந்துரை. ஒரு நல்ல வாழைப்பழத்தில் 25 கிராம் இருக்கும். பேரீச்சம்பழமும் சரி. ஜெல் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும் என்றில்லை, ஆனால் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் வயிற்றுக்குப் பழக்கியிருக்க வேண்டும்.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வுகள் 1980-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் செய்தவை. என் கருத்தில், வேலைக்குப் போகிற ஓட்டக்காரர்கள் படிக்க வேண்டிய முதல் ஆய்வுகள் இவைதான்.

முதலில் ஆட்களை 10 வாரம், வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிஷம் சைக்கிளிலும் ஓட்டத்திலும் கசக்கிப் பிழிந்தார்கள். வி.ஓ.2 மேக்ஸ், அதாவது உடம்பு அதிகபட்சமாக உள்வாங்கும் ஆக்ஸிஜன் அளவு, நன்றாக ஏறியது. பிறகு 15 வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் குறைத்தார்கள். நாட்களை 6-லிருந்து 4 ஆகவோ 2 ஆகவோ குறைத்தபோது, வி.ஓ.2 மேக்ஸ் அப்படியே நின்றது. அடுத்த ஆய்வில் நேரத்தை 40 நிமிஷத்திலிருந்து 26 அல்லது 13 ஆக்கினார்கள். அப்போதும் நின்றது. மூன்றாவதில் நாளையும் நேரத்தையும் தொடாமல், உழைப்பின் தீவிரத்தை மட்டும் குறைத்தார்கள். இதில்தான் சேர்த்து வைத்தது கரைய ஆரம்பித்தது.

சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், மூன்று பாராமீட்டரில் இரண்டைத் தாராளமாகக் குறைக்கலாம், மூன்றாவதைத் தொடக்கூடாது. செவ்வாய்க்கிழமை முக்கால் மணி நேரத்தில், மூணு நிமிஷம் மூச்சு வாங்க ஓடி, ரெண்டு நிமிஷம் நடந்து, இப்படி அஞ்சு முறை. முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிஷம் மெதுவாக. இதுவே அந்த மூன்றாவது பாராமீட்டரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆனால் அந்த ஆய்வுகளிலேயே ஒரு சின்ன வரி இருக்கிறது, பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். 13 நிமிஷமாகக் குறைத்தவர்களுக்கு வி.ஓ.2 மேக்ஸ் குறையவில்லை, நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் குறைந்துவிட்டது. 26 நிமிஷக் குழுவுக்குக் குறையவில்லை. மாரத்தான் என்பதே தாக்குப்பிடிப்பதுதான். ஆக, வார நாட்களை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை வெட்ட முடியாது. இன்னொன்றும் உண்டு. இந்த ஆய்வுகள் எல்லாம் ஏற்கெனவே ஏற்றி வைத்ததைக் காப்பது பற்றியவை. சோபாவிலிருந்து நேராக எழுந்து வருபவர் வாரம் இரண்டு நாள் ஓடி மாரத்தானுக்குத் தயாராகிவிடலாம் என்று இவற்றுக்கு அர்த்தம் இல்லை. அவர் முதல் வருஷம் 10 கி.மீ.யும் அரை மாரத்தானும் ஓடட்டும்.

இந்த இடத்தில் யாராவது "80/20" என்பார்கள். நார்வேயில் இருக்கும் ஸ்டீபன் சீலர், உலகத் தர வீரர்களின் பயிற்சியைப் பார்த்துவிட்டு, அவர்கள் சுமார் 80 சதவீதம் மெதுவாகவும் 20 சதவீதம் வேகமாகவும் பயிற்சி செய்கிறார்கள் என்று சொன்னது. சரியான கவனிப்பு. ஆனால் அவர்கள் வாரத்துக்குப் பத்து, பதினைந்து மணி நேரம் உழைப்பவர்கள். நமக்குக் கிடைப்பதே ஐந்து மணி நேரம். விகிதத்தைப் பற்றி இணையத்தில் சண்டை போடும் நேரத்தில் ஒரு ஓட்டம் போய்விட்டு வந்துவிடலாம். மறு பக்கத்தில், ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் பில் பியர்ஸ், ஸ்காட் மர் இருவரும் வாரத்துக்கு மூன்றே ஓட்டம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் என்பது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் மூன்றுமே கடினமான ஓட்டங்கள், நாற்பதைத் தாண்டி, ராத்திரி பதினொன்றுக்குப் படுப்பவருக்கு அது ஒத்துவராது. நான் மூன்று நாளை எடுத்துக்கொண்டு, கடினத்தை ஒரு நாளோடு நிறுத்திவிட்டேன்.

என் வாரம் இப்படி: செவ்வாய் மேலே சொன்ன 45 நிமிஷம். வியாழன் 50 நிமிஷம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். சனிக்கிழமை அரை மணி, பெரும்பாலும் பசங்க சைக்கிளுக்குப் பின்னால். இரண்டு நாள் கால் மணி நேரம் ஹாலிலேயே ஸ்குவாட், பிளாங்க் (சின்னவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வான், எடை போதும்). ஞாயிறு இரண்டு முதல் மூன்று மணி நேரம். கூட்டிப் பார்த்தால் நாலரையிலிருந்து ஐந்தரை மணி நேரம்.

ஞாயிறு ஏன் மூன்று மணியோடு நிற்கிறது? எல்லாத் திட்டங்களிலும் 32 கி.மீ. ஓட்டம் ஒன்று இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் பெரிய உடலியல் ஒன்றும் இல்லை. 20 மைல், ரவுண்டாக இருக்கிறது, அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவருக்கு 32 கி.மீ. என்பது இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. நமக்கு அது நாலு மணி நேரத்தைத் தொடும், ஆறிவர ஒரு வாரம் ஆகும். ஜாக் டேனியல்ஸ் என்ற புகழ்பெற்ற கோச் நீண்ட ஓட்டத்துக்கு 150 நிமிஷம்தான் வரம்பு வைக்கிறார். நான் 180 வரை போகிறேன், சுமார் 25 கி.மீ. உச்ச வாரங்களில் சனிக்கிழமை சாயங்காலம், பொண்ணு பாட்டு கிளாஸில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் தெருவைச் சுற்றி எட்டு கி.மீ. ஓடிவிட்டு, களைத்த காலோடு மறுநாள் நீண்ட ஓட்டம். ஒரே நாளில் உடம்பை உடைக்காமல் ஏறக்குறைய அதே பாடத்தை அது கற்றுக்கொடுக்கிறது.

வேகம் எப்படித் தீர்மானிப்பது? பீட் ரீகல் என்ற பொறியாளர் 1977-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் 2-இன் 1.06-ஆம் அடுக்கு, அதாவது 2.085 மடங்கு ஆகும். அரை மாரத்தான் 2 மணி 15 நிமிஷம் என்றால் முழுசு 4 மணி 41. நம்பாதீர்கள். 2016-ல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற புள்ளியியலாளர் ஆயிரக்கணக்கான பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களின் நேரங்களை வைத்துச் சோதித்தார். அரை மாரத்தான் வரை சூத்திரம் சரியாக வருகிறது, முழு மாரத்தானுக்கு வரும்போது பாதிப் பேருக்குப் பத்து நிமிஷமோ அதற்கு மேலோ ஏமாற்றுகிறது. நம்மைப் போல வாரத்துக்கு 35 கி.மீ. ஆட்களுக்கு, அதுவும் சென்னையில், சூத்திரத்தின் மேல் இருபது நிமிஷம் போட்டுக்கொள்வது என் வழக்கம். ஐந்து மணி நேரம், கிலோமீட்டருக்கு 7 நிமிஷம் 7 விநாடி. முதல் பத்து கி.மீ.யில் இந்த வேகம் அவமானமாக இருக்கும், தாத்தாக்கள் தாண்டிப் போவார்கள். போகட்டும். ஜெஃப் காலோவே போல ஓட்டத்துக்கு நடுவில் திட்டமிட்டு ஒரு நிமிஷம் நடப்பதிலும் தப்பில்லை. அவரே 1972 ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர் ஓடியவர்தான்.

வியர்வைக் கணக்கு

வெளிநாட்டுப் புத்தகங்கள் சென்னைக்குப் பொருந்தாமல் போகிற இடம் இது. மணிக்கு எட்டரை கி.மீ. வேகத்தில் 72 கிலோ ஆள் எரிப்பது 610 கிலோகலோரி. அதில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் வெப்பம், சுமார் 470. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆக மணிக்கு 0.8 லிட்டர் ஆவியானால் போதும். போதும் என்றால், ஆவியானால்தான். காலை ஐந்து மணிக்கு நம்ம ஊர் ஈரப்பதம் 85, 90 என்று இருக்கும்போது வியர்வை ஆவியாவதில்லை, சொட்டுகிறது. சொட்டும் வியர்வை குளிர்விக்காது. உடம்பு இன்னும் அதிகமாக வியர்க்கப் பார்க்கும். ஒரு மணி நேரம் ஓடும் முன்னும் பின்னும் எடை பார்த்தால் உங்கள் கணக்கு தெரிந்துவிடும். எனக்குச் செப்டம்பரில் 1.3 லிட்டர், ஜனவரியில் 0.9.

வெப்பம் கூடக் கூட மாரத்தான் நேரம் கூடும் என்று 2007-ல் ஈலி குழுவினர் பல அமெரிக்கப் போட்டிகளின் முடிவுகளை வைத்துக் காட்டினார்கள். அதில் முக்கியமானது, மெதுவாக ஓடுபவர்களுக்குத்தான் அடி அதிகம். வெயிலில் அதிக நேரம் நிற்பதும் நாம்தானே.

அதற்காக ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நின்று குடித்துத் தீர்ப்பது அதைவிட ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது, மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவில். யார் அவர்கள்? பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடி, ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள். அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பும் சேருங்கள். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ்.ஸில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாப்படி லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். உப்புக்கு நல்லது, சர்க்கரை குறைவு, ஆகவே வாழைப்பழத்தை அது மாற்றாது.

மழை, நாய், சாலை

சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்துவது. வருடத்திலேயே குளிர்ந்த மாதம் என்பதால் நாள் சரியானதுதான். ஆனால் அதற்கான பயிற்சி அப்படியே வடகிழக்குப் பருவமழையின் மேல் உட்காருகிறது. 2023-ல் மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4-ல் வந்தது, ஓட்டம் 2024 ஜனவரி 6. அடுத்த வருஷம் ஃபெஞ்சல் நவம்பர் 30-ல் கரை கடந்தது, ஓட்டம் 2025 ஜனவரி 5. இரண்டு தடவையும் ஏறக்குறைய ஐந்து வாரம் முன்னால். எந்தத் திட்டத்திலும் உச்ச ஓட்டங்கள் விழும் இடம் அதுதான்.

ஆகவே அந்த உச்சத்தை நவம்பர் நடுவுக்கு முன்தள்ளிவிடுங்கள். சுதந்திர தினத்தை ஒட்டித் தொடங்கினால் 20 வாரம் கிடைக்கும். 16 வாரத்துக்கு வேலை வைத்துக்கொண்டு, நாலு வாரத்தை பஃபராக விடுங்கள்: தீபாவளிக்கு ஒன்று, புயலுக்கு ஒன்று, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒன்று, ஆபீஸில் ரிலீஸ் வந்தால் ஒன்று. இந்த நாலும் வரும், சந்தேகமே வேண்டாம். ஒரு வாரம் போனால் எல்லாம் போய்விடாது. 1984-ல் எட்வர்ட் கோயில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை முழுசாக நிறுத்தச் சொல்லி அளந்தார். 21 நாள் சும்மா இருந்தபோது வி.ஓ.2 மேக்ஸ் குறைந்தது 7 சதவீதம்தான். தண்ணீர் தேங்கிய தெருவில், திறந்த கால்வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஓடுவதைவிட அந்த 7 சதவீதம் மலிவு. மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

இடத்துக்கு மேற்குப் பக்கத்தில் பஞ்சம் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலைகள் ஞாயிறு விடியற்காலையில் கிட்டத்தட்ட காலி. ஆவடி பக்கம் இருப்பவர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா, 2019-ல் திறந்தது, ஏரியைச் சுற்றி நடைபாதை, லாரி கிடையாது. பூந்தமல்லி, நெமிலிச்சேரி ஆட்கள் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் நீண்ட ஓட்டம் போகலாம், ஆனால் தனியாக வேண்டாம், ஒளிரும் ஜாக்கெட் இல்லாமல் வேண்டவே வேண்டாம். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். நாலரை மணிக்குத் தெரு அதனுடையது, நம்முடையது இல்லை.

நேரம் யாருடையது?

இப்போது அந்த இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். என் எக்ஸெல் ஷீட்டில் "ஓடிய நேரம்" என்ற காலத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு காலம் இருக்கின்றன. "வீட்டில் இல்லாத நேரம்", "வீட்டில் இருந்தும் இல்லாத நேரம்". மூன்றாவது, ஞாயிறு மதியம் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவது. மூன்று மணி நேர ஓட்டத்துக்கு வீட்டில் இல்லாத நேரம் மூன்றேமுக்கால், இருந்தும் இல்லாதது இரண்டு. ஆக, "அஞ்சு மணி நேரம்தான்" என்று நாம் சொல்வது வீட்டின் கணக்கில் எட்டு.

விடியற்காலை நாலேகாலுக்குக் கிளம்பி எட்டுக்குள் வந்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று ஆண்கள் சொல்லிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பால் வாங்குவது, தண்ணீர் மோட்டார் போடுவது, எழுந்துவிட்ட பிள்ளையைப் பார்ப்பது எல்லாம் தானாக நடக்கவில்லை. நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு நேருக்கு நேர்: ஞாயிறு காலை எனக்கு, சனி காலை முழுக்க மனைவிக்கு. அவங்க அந்த நேரத்தில் என்ன செய்றாங்க என்பது என் கணக்கில் வராது. தூங்கினாலும் சரி. ஞாயிறு மத்தியானச் சமையலும் பாத்திரமும் என்னுடையது, அதனால் தூக்கம் தானாகவே தள்ளிப்போகிறது. டிசம்பர் அரையாண்டுத் தேர்வு சமயத்தில் கணக்குப் பாடம் சொல்லித் தருவது என் பொறுப்பு. அந்த இரண்டு வாரமும் வியாழன் ஓட்டம் கிடையாது. ஹிக்சன் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டார்.

தூக்கத்தை வெட்டி ஓட்டத்தில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். ராத்திரி பத்தரைக்குக் கால் முடிந்தால் மறுநாள் காலை வேக ஓட்டம் கிடையாது, சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை, பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இது அவசியம். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் முழு, அரை மாரத்தான்களில் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு ஓட்டத்தின்போதோ முடித்த உடனேயோ இதயம் நின்றது, 42 பேர் இறந்தார்கள். எண் சிறியதுதான். ஆனால் முழு மாரத்தானில் ஆபத்து அரை மாரத்தானைவிட ஏறக்குறைய நாலு மடங்கு, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அது அமெரிக்கக் கணக்கு. முதல் மாரடைப்பு வரும் வயது, இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, மற்ற நாடுகளில் சராசரியாக 58.8, தெற்காசியர்களுக்கு 53. நாற்பதைத் தாண்டியவர் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், ஈ.சி.ஜி. பார்த்து, குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லி, டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்று அவரை முடிவு செய்ய விடுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன்னால், பின்னால் இல்லை.

முழுசுதான் ஓட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. மேயராகவும் பிறகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் இருந்த மா. சுப்பிரமணியன் நூறு அரை மாரத்தான்களுக்கு மேல் ஓடியவர், அதுவும் ஒரு பெரிய சாலை விபத்துக்குப் பிறகு. நேரமில்லாதவருக்கு அரை மாரத்தான் சரியான தூரம் என்பதற்கு நல்ல உதாரணம், அதற்கு வாரம் மூன்று மணி நேரம் போதும். சென்னை மாரத்தானில் 32.186 கி.மீ. பிரிவும் உண்டு. சுவர் வருவதற்குள் முடிந்துவிடும்.

ஓட்ட நாளுக்கு என்று தனியாக ஒரு செலவு இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. பிப் வாங்க எக்ஸ்போவுக்கு முன்னதாக ஒரு முறை நகரத்தின் மறு கோடிக்குப் போக வேண்டும், அரை நாள் போச்சு. நேப்பியர் பாலத்தில் விடிவதற்கு வெகு முன்பே தொடக்கம், அம்பத்தூரிலிருந்து சுமார் 20 கி.மீ., முதல் மின்சார ரயிலை நம்ப முடியாது. இரண்டு மணிக்கு எழ வேண்டும், டாக்ஸியை முந்தின நாளே பேசி வைக்க வேண்டும், அதே ஏரியாவில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் நல்லது. பசங்களை முடிவிடத்துக்கு வரச் சொல்லாதீர்கள், வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருந்து நொந்துபோவார்கள். வீட்டுக்கு வந்து மெடலைக் கொடுத்தால் போதும், பத்து நிமிஷம் போட்டுக்கொண்டு ஆடிவிட்டுச் சாவிக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள்.

கடைசியாக, காலண்டரைப் பாருங்கள். ஓட்டம் முடிந்த அடுத்த வாரம் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும் வாரம். மூன்று நாளைக்குத் தொடை ஏணியில் ஏற ஒத்துழைக்காது, இறங்க சுத்தமாக ஒத்துழைக்காது. பரண் வேலையையும் ஃபேன் துடைக்கும் வேலையையும் டிசம்பர் கடைசியில், பயிற்சி குறையும் அந்த இரண்டு வாரத்திலேயே முடித்து வைத்துவிடுங்கள்.